ஹிடெகோ தகாமினே: 'இருபத்து நான்கு கண்கள்' படத்தின் ஆசிரியையைப் பற்றி அறிந்தவர்கள் எழுதுங்கள்

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. கெய்சுகே கினோஷிதா இயக்கிய 'இருபத்து நான்கு கண்கள்' (1954) படத்தை அண்மையில்தான் பார்த்தேன். ஜப்பானின் செத்தோ உள்கடலில் இருக்கும் ஷோதோஷிமா தீவில் கதை நடக்கிறது. 1928ஆம் ஆண்டு அங்குள்ள சிறு பள்ளிக்கு ஓயிஷி என்ற இளம் ஆசிரியை (நடித்தவர் ஹிடெகோ தகாமினே) மேல்நாட்டு உடையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருகிறார். ஊர்ப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். முதல் வகுப்பில் 12 பிள்ளைகள். அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் வறுமையும் போரும் அந்தப் பிள்ளைகளை என்ன செய்தன என்பதுதான் படம்.

நான் அழுதது எல்லோரும் அழும் இடத்தில் இல்லை. மாட்சுயே என்ற சிறுமியைப் படிப்பிலிருந்து நிறுத்தி, தகமாட்சு நகரில் ஓர் உணவுக்கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஆசிரியை தற்செயலாக அந்தக் கடைக்குள் நுழைகிறார். எதிரே மாட்சுயே நிற்கிறாள். கடைக்காரப் பெண்மணி பக்கத்திலேயே இருக்கிறாள். ஆசிரியையால் எதையும் கேட்க முடியவில்லை. அந்த நேரத்தில் தகாமினேவின் முகத்தில் ஒரு மரியாதைப் புன்னகை வந்து, அது அப்படியே நிற்கிறது. வேலைக்குப் போய்விட்ட மாணவியை வெளியிடத்தில் பார்த்த ஆசிரியை எவருக்கும் அந்த முகம் தெரியும்.

என் கேள்வி இதுதான். எங்கள் பள்ளியில் சினிமா பற்றி நிறையப் படிக்கும் ஒருவர், "தகாமினே என்று தனியாக எதுவும் கிடையாது, கினோஷிதாவும் இன்னோர் இயக்குநர் மிகியோ நருசேயும் செதுக்கிய உருவம்தான் அவர்" என்று சொன்னார். உண்மையா? குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கியவர் என்றும் கேள்விப்பட்டேன். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டும். அடுத்து எந்தப் படம் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

இருட்டறை விளக்கு:

டீச்சர், எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. தகாமினேவின் படங்களை எப்போது திரையிட்டாலும் நானும் கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பேன். அந்த உரிமையில் சொல்கிறேன், உங்கள் சக ஆசிரியரின் கருத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. தகாமினே ஐந்து வயதிலிருந்து சம்பாதித்து ஒரு குடும்பத்தையே தாங்கியவர். கேமரா முன் நிற்பது அவருக்குப் பிழைப்பு. சம்பளம், கடன், வேலை, உறவினர்களின் நீட்டிய கை, இவையெல்லாம் ஒரு பெண்ணின் உடம்பை எப்படி வளைக்கும் என்பது அவருக்கு எந்த இயக்குநரும் சொல்லாமலே தெரியும். என் பார்வையில் அவருடைய கலை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

அவர் பிறந்தது 1924 மார்ச் 27, ஹொக்கைடோ தீவின் ஹகோடதே துறைமுக நகரில். சிறு வயதிலேயே தாய் காசநோயில் இறந்துபோனார். அப்பாவின் தங்கை ஷிகே குழந்தையைத் தத்தெடுத்து டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றார். இந்த அத்தை ஒரு காலத்தில் பென்ஷியாக இருந்தவர். மௌனப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லி, எல்லாப் பாத்திரங்களுக்கும் வசனம் பேசுகிறவர்களுக்குப் பென்ஷி என்று பெயர். 'ஹிடெகோ தகாமினே' என்பதே அத்தை அந்தத் தொழிலில் வைத்திருந்த பெயர். அதைத்தான் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1929இல் ஷோசிகு நிறுவனத்தின் கமதா படப்பிடிப்புத் தளத்தில், 'தாய்' என்ற படத்துக்குக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தித் தேர்ந்தெடுத்தபோது இவளைப் பிடித்துப்போயிற்று. வேலை தொடங்கிவிட்டது.

அதன் பிறகு ஓய்வே இல்லை. பெண் குழந்தை வேடம், ஆண் குழந்தை வேடம், எது வந்தாலும் செய்தார். 1931இல் இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ கோரஸ்' படத்தில் வேலையிழந்த குமாஸ்தாவின் மகளாக வருவார், பாருங்கள். பள்ளிக்கூடம்தான் கைவிட்டுப் போனது. நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்ப் படப்பிடிப்புக்கு அவர் கிளம்பும்போதெல்லாம் அவருடைய வகுப்பு ஆசிரியர் சிறுவர் இதழ்களைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார். அந்த இதழ்களை வைத்துத்தான் அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாள். ஓயிஷி டீச்சர் வேடத்தில் நடித்த கைகளில் முதல் புத்தகத்தை வைத்தவர் அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர்.

1934இல் ஹகோடதே நகரம் பெருந்தீயில் அழிந்தது. தாத்தா வீட்டின் தொழிலும் அதில் போயிற்று. உறவினர்கள் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தார்கள். பத்து வயதுச் சிறுமியின் சம்பளம் அத்தனை பேருக்கும் சோறாயிற்று. பணத்துக்காகத் தன்னை விட முடியாமல் பிடித்துக்கொண்ட உறவுகளைப் பற்றி, குறிப்பாக அத்தையைப் பற்றி, தகாமினே பின்னாளில் எந்த மறைப்பும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.  அதை நான் மதிக்கிறேன்.

பதின்ம வயதில் தோஹோ நிறுவனத்துக்குப் போனார். 1938இல் 'கட்டுரை வகுப்பு' என்ற படம். தகரக் கொல்லர் ஒருவரின் மகள் பள்ளியில் எழுதிய கட்டுரைகள் அப்போது நூலாக வந்து நாடெங்கும் பேசப்பட்டன. அந்தச் சிறுமியாக, பள்ளிக்கே ஒழுங்காகப் போகாத தகாமினே நடித்தார். வீட்டில் அரிசி இல்லாத நாளைப் பற்றி எழுதுவதற்காகத் தாளின் முன் அமர்ந்திருக்கும் காட்சிகளில் அவருக்கு வயது பதினான்கு. அதே இயக்குநர் கஜிரோ யமமோட்டோவின் 'குதிரை' (1941) வடகிழக்கு ஜப்பானின் நாட்டுப்புறத்தில் நான்கு பருவங்களிலும் படமாக்கப்பட்டது. ஒவ்வொரு பருவத்துக்கும் தனி ஒளிப்பதிவாளர். உதவி இயக்குநராக இருந்து வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டவர் அகிரா குரோசாவா. படம் முழுவதும் வளர்த்த குதிரைக் குட்டியை ராணுவத்துக்கு விற்கும் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

போர்க்காலத்தில் படைவீரர்கள் அவருடைய படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். அவர்களுக்காகப் பாடினார். தோல்விக்குப் பிறகு அதே தொண்டையால் அமெரிக்கப் படையினருக்காகவும் பாடினார். சாப்பாட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை.

1946இல் தோஹோவில் தொழிற்சங்க வேலைநிறுத்தம் வெடித்தது. பத்து நட்சத்திரங்கள் பிரிந்து வெளியேறினார்கள், அவர்களில் இவரும் ஒருவர். அந்தப் பிரிவிலிருந்துதான் ஷின்தோஹோ நிறுவனம் உருவானது. 1950இல் அதையும் விட்டுவிட்டு எந்த நிறுவனத்துடனும் ஒப்பந்தமில்லாத நடிகையானார். இதைத்தான் உங்கள் சக ஆசிரியரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நடிகரும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்த காலம் அது. நிறுவனம் கொடுக்கும் படத்தில் நடிக்க வேண்டும், போட்டி நிறுவனத்தின் வாசலை மிதிக்கக் கூடாது. அந்தச் சூழலில் தகாமினே கதையைப் படித்துப் பார்த்து 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ சொன்னார். ஷோசிகுவில் கினோஷிதாவுடன் வேலை செய்தார், தோஹோவில் நருசேயுடன் வேலை செய்தார். அந்த இரண்டு பேரையும் அவர் தேர்ந்தெடுத்தார் என்றும் சொல்லலாமே!

1951இல் வேலையெல்லாம் நிறுத்திவிட்டுப் பாரிஸ் போய்ச் சில மாதங்கள் தனியாக இருந்தார். புகழின் உச்சியில் எவரும் செய்யத் துணியாத காரியம். திரும்பி வந்த பிறகுதான் பெரிய படங்கள். 1954இன் சிறந்த படங்களுக்கான கினேமா ஜும்போ என்ற சினிமா இதழின் பட்டியலில் முதலிடம் 'இருபத்து நான்கு கண்கள்', இரண்டாமிடம் கினோஷிதாவின் 'பெண்களின் தோட்டம்'. இரண்டிலும் தகாமினே. குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' மூன்றாமிடம்தான் பெற்றது. மறு ஆண்டும் முதலிடம் அவர் நடித்த படத்துக்கே, நருசேயின் 'மிதக்கும் மேகங்கள்'.

1955இல் திருமணம். மணமகன் ஸென்ஸோ மட்சுயாமா, கினோஷிதாவின் உதவி இயக்குநர். அவர் வாங்கிய சம்பளம் மிகவும் குறைவு. கல்யாணமானால் நடிகை வீட்டோடு இருந்துவிடுவதுதான் அப்போதைய வழக்கம். இவர் தொடர்ந்து நடித்தார். மட்சுயாமா நல்ல திரைக்கதையாசிரியராகவும் இயக்குநராகவும் வளர்ந்தார். அவர் முதலில் இயக்கிய 1961ஆம் ஆண்டுப் படத்தில் காது கேளாத, வாய் பேசாத தம்பதியின் கதை. மனைவியாகத் தகாமினே. ரயிலில் அடுத்தடுத்த பெட்டிகளில் நின்றுகொண்டு, கண்ணாடி வழியாகக் கணவனும் மனைவியும் கையசைவில் பேசிக்கொள்ளும் நீண்ட காட்சி அதில் உண்டு. ஓடும் ரயிலில் ஒரு குடும்பம் உடைந்துபோவதும் ஒட்டிக்கொள்வதும் விரல்களிலேயே நடந்து முடிகின்றன.

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது நருசேயின் 'பெண் படியேறும்போது' (1960). டோக்கியோவின் கின்ஸா பகுதியில் ஒரு மதுக்கூடத்தை நடத்தும் கெய்கோ என்ற கைம்பெண். முப்பது வயது. தனியாகக் கடை வைப்பதா, யாரையாவது மணந்துகொள்வதா, இரண்டில் ஒன்றை முடிவு செய்ய வேண்டிய வயது என்று ஊர் நினைக்கிறது. படத்தில் எப்போதும் பணம் பேசப்படுகிறது. வாடிக்கையாளர்களின் நிலுவையை வசூலிக்க வேண்டும். வீட்டு வாடகை, கிமோனோ, வாசனைத் திரவியம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. வயிற்றுப்புண்ணால் ரத்தம் கக்கி அம்மா வீட்டில் படுத்திருக்கும்போதும் அண்ணன் காசு கேட்கிறான், வழக்கறிஞருக்கு ஒரு தொகை, போலியோவில் கால் முடங்கிய மகனின் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு தொகை. அந்தக் காட்சியில் தகாமினே கத்துகிறார், பிறகு பணத்தைக் கொடுக்கிறார். ஹகோடதே தீயை நினைக்காமல் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை.

தையல்காரி:

டீச்சரம்மா, ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பெண் படியேறும்போது' படத்தில் ஆடை வடிவமைப்பும் தகாமினேதான். பெயர்ப் பட்டியலிலேயே போட்டிருக்கிறார்கள். நான் தையல் தொழில் செய்கிறவள், அதனால் அந்தப் படத்தைத் துணிக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கருப்பு வெள்ளைப் படம். நிறம் என்ற உதவி இல்லை. கோடும் கட்டமும் துணியின் கனமும் மட்டுமே பேச வேண்டும். கெய்கோ உடுத்துவது பெரும்பாலும் அடக்கமான, மெல்லிய கோடுகள் போட்ட கிமோனோ. சுற்றியுள்ள இளம் பெண்கள் மேல்நாட்டு கவுனில் தோள் தெரிய நிற்கிறார்கள். மதுக்கூடத்தின் முதலாளியம்மா இன்னும் பகட்டாக உடுத்தச் சொல்கிறாள், கெய்கோ மறுக்கிறாள். அந்த மறுப்பைத் துணியிலேயே செய்து காட்டியவரும் நடித்தவரும் ஒரே ஆள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது.

இன்னொரு படம் 'ஓடும் நீர்' (1956), அதுவும் நருசே எடுத்ததுதான். விருந்துகளில் ஆடிப் பாடி மகிழ்விக்கும் கெய்ஷாக்கள் வாழும் வீடு, நாளுக்கு நாள் நொடித்துப்போகிறது. வீட்டுத் தலைவியாக இசுஸு யமதா, வேலைக்காரியாக கினுயோ தனகா, வந்துபோகும் வயதான கெய்ஷாவாக ஹருகோ சுகிமுரா. ஜப்பானின் பெரிய நடிகைகள் அத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ்! தகாமினே அந்த வீட்டின் மகள். அம்மாவின் தொழில் தனக்கு ஒத்துவராது என்று தெரிந்தவள். கடைசியில் தையல் இயந்திரம் வாங்கிவைத்து மாடியில் தைக்கப் பழகுகிறாள். கீழே அம்மா ஷமிசென் என்ற தந்தி வாத்தியத்தை வாசித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். வீடு கைமாறப்போவது வேலைக்காரிக்கு மட்டும்தான் தெரியும். தகாமினே இயந்திரத்தை மிதிக்கும் விதத்தைக் கவனியுங்கள். கால் இன்னும் பழகவில்லை, ஆனால் நிறுத்தமாட்டாள். முதல் வருமானம் வந்தாக வேண்டிய ஒருத்தியின் மிதி அது. நடிப்பு என்றால் கண்ணீரும் வசனமும்தான் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் காலைக் காட்ட வேண்டும்.

தாமிரபரணி:

ஐயா, அக்கா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சிறுவர் இதழ் கொடுத்த ஆசிரியரைப் பற்றிப் படித்துவிட்டு வகுப்பிலேயே சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு கேள்விகள். நருசேயுடன் மட்டும் 17 படங்கள் செய்தார் என்று படித்தேன். அவ்வளவு நீண்ட உறவில் இயக்குநர் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருப்பாரா? சக ஆசிரியர் இதைத்தான் திரும்பவும் கேட்கிறார். அடுத்தது, ஏன் நடிப்பை நிறுத்தினார்?

இருட்டறை விளக்கு:

நருசே சொல்லிக்கொடுக்கவே மாட்டார் டீச்சர். அவருடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் சொல்லும் குறை அது. படப்பிடிப்புத் தளத்தில் அவர் வாயைத் திறப்பதே அரிது. இது நன்றாக இருந்தது, இது சரியில்லை என்ற பேச்சே கிடையாது. நடிகர்கள் தவித்துப்போவார்கள். அவர் செய்த ஒரே காரியம் வசனத்தை வெட்டுவது. திரைக்கதையில் நான்கு வரி இருந்தால் அடித்து அடித்து ஒரு வரியாக்குவார், முடிந்தால் அதையும் எடுத்துவிடுவார். வெட்டப்பட்ட அந்த வரிகளை முகத்தாலும் நடையாலும் நிரப்ப வேண்டிய பொறுப்பு நடிகர் தலையில் விழும். எல்லோராலும் முடியாது. தகாமினேவால் முடிந்தது, அதனால் அவரையே கூப்பிட்டார்.

அவர்கள் இருவரும் முதலில் சேர்ந்தது 1941இல், 'பஸ் நடத்துநர் ஹிடெகோ' என்ற சிறிய படம். கோஃபு பக்கத்து நாட்டுப்புற வழித்தடத்தில் ஓடும் ஓட்டை பஸ். ஆளே ஏறுவதில்லை. நடத்துநரான பதினேழு வயதுப் பெண், வழியில் வரும் இடங்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனால் கூட்டம் வரும் என்று யோசிக்கிறாள். ஓர் எழுத்தாளரிடம் விளக்கவுரை எழுதி வாங்கி மனப்பாடம் செய்கிறாள். கடைசியில் அவளும் ஓட்டுநரும் மகிழ்ச்சியோடு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். முதலாளி ஏற்கெனவே பஸ்ஸை விற்றுவிட்டான், நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நருசேயின் உலகம் முழுவதும் அந்தச் சின்னப் படத்திலேயே இருக்கிறது. 1952இன் 'மின்னல்' படத்திலும் சுற்றுலா பஸ்ஸில் இடங்களை விளக்கும் பெண்தான் அவர். அங்கே சிரிப்பு குறைந்துவிட்டது. நான்கு பிள்ளைகளுக்கு நான்கு தந்தையர் என்ற வீட்டில் கடைசி மகள், ஒருநாள் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

பிறகு 'மிதக்கும் மேகங்கள்'. ஃபுமிகோ ஹயாஷியின் நாவல். போரின்போது பிரெஞ்சு இந்தோசீனாவின் தலாத் மலைநகரில் வனத்துறை வேலைக்குப் போன இடத்தில் யுகிகோ, தொமியோகா என்ற மணமான அதிகாரியைக் காதலிக்கிறாள். தோற்றுப்போன டோக்கியோவுக்குத் திரும்பி அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அவன் நல்லவன் இல்லை. அது அவளுக்கும் தெரியும். இரண்டு மணி நேரம் இந்த இரண்டு பேரும் இடிந்த தெருக்களில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, சேர்ந்து வாழவும் முடியவில்லை. கடைசியில் ஓயாமல் மழை பெய்யும் யாகுஷிமா தீவு வரை அவனோடு போய் அங்கேயே இறக்கிறாள். இந்தப் பாத்திரத்தை இரக்கம் கேட்கும் பெண்ணாக நடித்திருந்தால் படம் விழுந்திருக்கும். தகாமினே அவளைக் குத்தலாகப் பேசுகிறவளாக, பிடிவாதக்காரியாக, சில சமயம் அருவருப்பாகவும் நடந்துகொள்கிறவளாகக் காட்டினார். ஓயிஷி டீச்சர் வேடத்துக்கு மறு ஆண்டே இது! நாட்டுக்கே செல்லப் பிள்ளையாக இருந்த நடிகை, அந்தச் செல்லத்தைத் துணிந்து உதறினார். ஓசு இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வியந்து பாராட்டினார்.

'மிதரேரு' (1964) பார்க்காமல் தகாமினேவைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். திரைக்கதை அவருடைய கணவர் மட்சுயாமா எழுதியது. ஷிமிஸு நகரில் ஒரு பலசரக்குக் கடை. போரில் கணவனை இழந்த ரெய்கோ, குண்டுவீச்சில் அழிந்த கடையைத் தனியாளாகக் கட்டி எழுப்பி, புகுந்த வீட்டாருக்குச் சோறு போட்டவள். எதிரில் சூப்பர் மார்க்கெட் வருகிறது, முட்டை விலையைத் தரைக்கு இறக்குகிறது. சிறு கடைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். கடையையே சூப்பர் மார்க்கெட்டாக்கிவிடலாம் என்று நாத்தனார்கள் திட்டமிடுகிறார்கள், அந்தத் திட்டத்தில் அண்ணிக்கு இடமில்லை. கொழுந்தனோ அவளைக் காதலிக்கிறான். பதினெட்டு ஆண்டு உழைப்பை விட்டுவிட்டு அவள் ரயிலேறுகிறாள், அவனும் ஏறுகிறான். அந்த ரயில் பயணத்தில் வசனம் மிகக் குறைவு. பெட்டி நெரிசலாக இருக்கும்போது அவன் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். ஆட்கள் இறங்க இறங்க ஒவ்வோர் இருக்கையாக நெருங்கி வருகிறான். அவள் முகத்தில் கூச்சமும் சிரிப்பும் அச்சமும் மாறி மாறி வருகின்றன. படத்தின் கடைசி நொடியில் கேமரா அவர் முகத்துக்கு அருகில் போகிறது, அத்துடன் முடிந்துவிடுகிறது. என்ன நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. எந்த இயக்குநராலும் அந்த முகத்தைச் செதுக்கித் தர முடியாது என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

நருசே 1969இல் இறந்தார். வெள்ளைத் திரைச்சீலை மட்டும் பின்னணியாக இருக்க, அரங்க அமைப்பும் வண்ணமும் இல்லாமல் ஒரு படம் எடுக்க வேண்டும், அதில் நீ நடிக்க வேண்டும் என்று அவர் தகாமினேவிடம் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் வெட்டிய பிறகு மிச்சம் இருக்க வேண்டியது இந்த நடிகை என்று அவர் நினைத்ததை உங்கள் சக ஆசிரியருக்குச் சொல்லுங்கள்.

நிறுத்தியது 1979இல், கினோஷிதாவின் படத்தோடு. ஐம்பது ஆண்டுகள் உழைத்தாயிற்று. தானாகத் தேர்ந்தெடுக்காத தொழில் அது என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். விருப்பமில்லாத வேலையை இவ்வளவு நேர்த்தியாகச் செய்தாரே என்பதுதான் என்னை வணங்க வைக்கிறது. ஓய்வுக்குப் பிறகு எழுதினார். அதற்கு முன்பே, 1976இல், 'என் பிழைப்பு நாட்குறிப்பு' என்ற தன்வரலாறு நூலாக வந்து ஜப்பான் கட்டுரையாளர் சங்கத்தின் பரிசைப் பெற்றிருந்தது. 2010 டிசம்பர் 28 அன்று நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 86.

இரவுப்பணி:

நான் முதியோர் இல்லத்தில் செவிலியர். இங்கே யாரும் 'கோகோட்ஸு நோ ஹிதோ' (1973) படத்தைக் குறிப்பிடவில்லை. சவாகோ அரியோஷியின் நாவல், இயக்கியவர் ஷிரோ தொயோதா. நினைவு மங்கிய மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளாகத் தகாமினே. மாமனாராக நடித்த ஹிசாயா மொரிஷிகேவுக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை, எண்பதைக் கடந்தவராக நடித்திருக்கிறார். மறதிநோயைப் பற்றி ஜப்பானில் பொதுவெளியில் அதிகம் பேசாத காலம். மாமனார் பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் திருடன் என்று அலறுகிறார், மருமகளை மட்டும் விடாமல் ஒட்டிக்கொள்கிறார்.

தகாமினே இதைத் தியாகியாக நடிக்கவில்லை. அவள் வேலைக்குப் போகும் பெண். இரவெல்லாம் கிழவரை எழுந்து எழுந்து பார்த்துவிட்டுக் காலையில் அலுவலகம் போக வேண்டும். எரிச்சல் வருகிறது, முகத்தில் தெரிகிறது, அதை அவர் மறைப்பதில்லை. கிழவர் மழையில் வெளியே ஓடிப் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எரிச்சல் வேறொன்றாக மாறுகிறது. இரவுப் பணியில் நான் தினமும் பார்க்கும் மாற்றம் அது. எங்கள் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தையல்காரி:

செவிலியம்மா, இதை நான் பார்த்ததில்லை, கட்டாயம் தேடுகிறேன்.

ஐயா, 'ஹோரோகி' (1962) பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? 'மிதக்கும் மேகங்கள்' எழுதிய ஃபுமிகோ ஹயாஷியாகவே தகாமினே நடித்த படம். பலருக்கு அது பிடிப்பதில்லை என்று தெரியும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, புருவத்தை ஒரு மாதிரி வளைத்து, தோளைக் குறுக்கி நடக்கிறார், மிகையாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது மிகை இல்லை. பொம்மைத் தொழிற்சாலை, மதுக்கூடம் என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்துகொண்டு, பசியோடு இரவில் எழுதும் பெண் அழகாக நிமிர்ந்தா நடப்பாள்?

இருட்டறை விளக்கு:

நான் விட்டதற்குக் காரணம் உண்டம்மா. நடை உங்களுக்குச் சரியாகப்பட்டிருக்கலாம், எனக்கு அந்தப் புருவம்தான் தடையாக இருக்கிறது. மற்ற படங்களில் அவர் செய்வது கண்ணுக்குத் தெரியாது, இதில் தெரிகிறது. ஆனால் முன்னாள் கணவர்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்ட பெண், எழுத்தாளராக ஜெயித்த பிறகு, உதவி கேட்டு வாசலில் நிற்பவர்களைப் பார்த்து உழைத்துப் பிழைக்கச் சொல்லும் அந்தக் கடைசிப் பகுதியில் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். அங்கே ஹயாஷியும் தகாமினேவும் ஒரே ஆள்.

டீச்சர், பார்க்கும் வரிசை கேட்டீர்கள். 'பெண் படியேறும்போது', பிறகு 'மிதக்கும் மேகங்கள்', பிறகு 'மிதரேரு'. இந்த மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்க வேண்டாம், இடைவெளி விடுங்கள். நடுவில் மனம் கனத்தால் 'கார்மென் ஊர் திரும்புகிறாள்' (1951) இருக்கிறது. ஜப்பானின் முதல் முழுநீள வண்ணப் படம், கினோஷிதா எடுத்தது. வண்ணச் சுருள் கைவிட்டுவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு காட்சியையும் கருப்பு வெள்ளையிலும் தனியாக எடுத்துவைத்தார்கள். அசாமா மலையடிவாரப் புல்வெளியில், நகரத்தில் ஆடைகளைந்து ஆடும் தொழில் செய்யும் பெண் பெரிய கலைஞர் என்ற நினைப்போடு சொந்த ஊருக்கு வருகிறாள். தகாமினே பாடுகிறார், ஆடுகிறார், குதிக்கிறார். வண்ணப் பிரதியைத் தேடிப் பாருங்கள், மலையின் பச்சையும் அவர் உடையின் சிவப்பும் அதில்தான் இருக்கின்றன.